மணிக்கட்டு சொல்லும் வயசு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

ஸ்கூல்ல சோனல் மேட்ச் ஆடினவங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா உங்களுக்கு ஒரு முகம் கட்டாயம் ஞாபகம் இருக்கும். அண்டர்-14 மேட்ச். எதிர் டீம்ல டிஃபன்ஸ்ல ஒருத்தர் நிப்பார். மீசை இருக்கும். குரல் உடைஞ்சு ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும். நம்ம பசங்க அவரை 'டேய்'னு கூப்பிட பயந்து, 'அண்ணா, கொஞ்சம் பாத்து அடிங்கண்ணா'ன்னு கெஞ்சுவாங்க. அவங்க பி.டி. மாஸ்டர் கையில இருக்கிற சர்டிபிகேட்ல அந்த அண்ணனுக்கு வயசு 13.

இன்னைக்கு எபிசோட் அந்த மாதிரி அண்ணன்களைப் பத்திதான். ஆனா நம்ம ஊர் கிரவுண்ட்ல இல்லை, உலகக் கோப்பையில். அண்டர்-17, அண்டர்-20 என்று தேசிய அணிகளுக்கு ஃபிஃபா நடத்துகிற போட்டிகள் இருக்கு இல்லையா, அங்கே.

பெரியவங்க உலகக் கோப்பையில் ஆட அந்த நாட்டுக் குடியுரிமை வேணும், திறமை வேணும், அவ்வளவுதான். சின்னப் பசங்க உலகக் கோப்பையில் கூடுதலாக வயசு வேணும். யோசிச்சுப் பாருங்க, அந்த விதியை எடுத்துட்டா அந்தப் போட்டிக்கே அர்த்தமில்லை. ஆனால் அந்த விதியைச் சரிபார்க்க ரொம்ப காலத்துக்கு ஒரே வழிதான் இருந்தது: டீம் கொண்டு வருகிற பாஸ்போர்ட்டை நம்புவது.

கொஞ்சம் பின்கதை. 1977இல் துனீசியாவில்தான் ஃபிஃபாவின் முதல் இளைஞர் சாம்பியன்ஷிப் நடந்தது. இன்றைய அண்டர்-20 உலகக் கோப்பை அதுதான். முதல் கோப்பை சோவியத் யூனியனுக்குப் போனது. அடுத்தது 1979, ஜப்பான். அதற்கு முந்தின வருஷம் அர்ஜென்டினாவிலேயே நடந்த பெரிய உலகக் கோப்பைக்கு 17 வயசு மாரடோனாவைப் பயிற்சியாளர் மெனோட்டி சேர்க்கவில்லை. அதே மெனோட்டி, அதே பையனை ஜப்பானுக்குக் கூட்டிட்டுப் போறார். ஃபைனலில் சோவியத் யூனியனை 3-1 என்று அடித்துக் கோப்பை, மாரடோனாவுக்குச் சிறந்த வீரர் விருது. 2005இல் நெதர்லாந்தில் இதே கோப்பையில்தான் மெஸ்ஸி 6 கோல் போட்டார். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு 18 வயசு முடிஞ்சது. நைஜீரியாவுக்கு எதிரான ஃபைனல் 2-1, ரெண்டுமே மெஸ்ஸியோட பெனால்டி.

இதைவிடச் சின்ன வயசுப் போட்டிக்கு விதை போட்டது சிங்கப்பூர். அங்கே நடந்த லயன் சிட்டி கப் என்கிற போட்டியைப் பார்த்துதான் ஃபிஃபாவுக்கு அந்த யோசனை வந்தது. 1985இல் சீனாவில் முதல் தடவை நடத்தினார்கள். அப்போது அது அண்டர்-16. 1991இலிருந்து அண்டர்-17 ஆச்சு. 1985 ஃபைனலில் மேற்கு ஜெர்மனியை நைஜீரியா 2-0 என்று வென்றது. ஃபிஃபா நடத்திய ஒரு போட்டியில் ஆப்பிரிக்க நாடு ஒன்று கோப்பை வாங்கியது அதுதான் முதல் தடவை. அந்த நாட்டில் எவ்வளவு பெரிய சந்தோஷமா இருந்திருக்கும்னு சொல்லத் தேவையில்லை. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

இந்த 'அண்டர்-17'ங்கிற பேரே கொஞ்சம் ஏமாத்தும். 2017 போட்டிக்கு விதி என்னன்னா, 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்கணும். போட்டி நடந்தது அக்டோபரில். அப்போ ஜனவரியில் பிறந்த பையனுக்கு 17 வயசு 9 மாசம். அதே வருஷம் டிசம்பரில் பிறந்தவனுக்கு இன்னும் 17 முடியவே இல்லை. அந்த வயசுல பதினோரு மாசம்ங்கிறது சாதாரண விஷயமா? ஒருத்தன் தோள் அகன்று நிப்பான், இன்னொருத்தனுக்கு இன்னும் ஷர்ட் தொங்கும். அதனாலதான் உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வருஷத்தின் முதல் மூணு மாசத்தில் பிறந்தவங்க கூட்டமா இருப்பாங்க, கடைசி மூணு மாசத்துக்காரங்க குறைவா இருப்பாங்க. இது மோசடி இல்லை. கோச் வேணும்னே பண்றதும் இல்லை. அவர் 'திறமை'ன்னு நினைச்சு எடுக்கிறதுல பாதி உடம்பு வளர்த்தி. பதினோரு மாசமே இவ்வளவு வித்தியாசம் பண்ணும்னா, மூணு வருஷம் என்ன பண்ணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

சரி, ஒருத்தரோட வயசு நமக்கு எப்படித் தெரியும்? நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வாங்க. தொட்டா ஒண்ணாங்கிளாஸ் சேர்த்துப்பாங்க. ஹெட்மாஸ்டர் ஒரு ஜூன் மாசத் தேதியை எழுதிப்பார். பிறகு வேலை, ரிட்டயர்மென்ட், பென்ஷன் எல்லாத்துக்கும் அந்தத் தேதிதான். 'என் நிஜ வயசு வேற, சர்டிபிகேட் வயசு வேற'ன்னு சொல்ற தாத்தா இல்லாத குடும்பம் நம்ம ஊர்ல குறைவு. அவங்க யாரையும் ஏமாத்தல. பிறந்த தேதியை அரசாங்கத்தில் பதிவு பண்றதே வழக்கமாக இல்லாத காலம் அது. உலகத்தில் இன்னும் பல இடங்களில் நிலைமை அதுதான். ஆகவே, தேதி தெரியாதவங்களையும் தேதியை மாத்துறவங்களையும் ஒரே கூண்டில் நிறுத்தக் கூடாது. இப்போ நான் சொல்லப் போறது ரெண்டாவது வகை.

மெக்சிகோ, 1988. கதை இப்படிப் போகுது. குவாத்தமாலாவில் வட, மத்திய அமெரிக்க நாடுகளுக்கான தகுதிச் சுற்று. அடுத்த வருஷ இளைஞர் உலகக் கோப்பைக்கு யார் போவதுன்னு முடிவு பண்றது. மெக்சிகோ ஜெயிச்சுத் தகுதி வாங்கியாச்சு. பிறகு அவங்க ஊர்ப் பத்திரிகையாளர் ஒருத்தர் மெக்சிகோ ஃபுட்பால் சம்மேளனம் வெளியிட்ட ஆண்டு மலரைப் புரட்டுறார். லீக்கில் ஆடுகிற வீரர்களின் பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கு. அதையும் போட்டிக்குக் கொடுத்த தேதியையும் ஒப்பிட்டால் நாலு பேருக்கு இடிக்குது. நாலு பேருமே வயசு மீறியவர்கள். எவ்வளவு அலட்சியம் பாருங்க! பொய்த் தேதி கொடுத்த அதே ஆபீஸ்தான் உண்மைத் தேதியை அச்சடிச்சுக் கடையில வித்திருக்கு.

ஃபிஃபா கொடுத்த தண்டனை அந்த இளைஞர் டீமோடு நிக்கல. மெக்சிகோவின் எல்லா தேசிய அணிகளுக்கும் ரெண்டு வருஷத் தடை. சியோல் ஒலிம்பிக் போச்சு. அந்த இடத்தில் ஆடப் போனது குவாத்தமாலா. 1990 உலகக் கோப்பையும் போச்சு. அப்போ மெக்சிகோவிடம் ஹூகோ சான்செஸ் இருந்தார். ரியல் மாட்ரிட் அணிக்கு 1989-90 சீசனில் லீக்கில் மட்டும் 38 கோல். ஒரு ஸ்ட்ரைக்கர் வாழ்க்கையில் அப்படி ஒரு வருஷம் ஒரு தடவைதான் வரும். அந்தக் கோடையில் இத்தாலியில் உலகக் கோப்பை நடக்குது, அவர் ஊர் டீம் இல்லை. மெக்சிகோ இல்லாத அந்தத் தகுதிச் சுற்றில் கோஸ்டாரிகாவும் அமெரிக்காவும் உள்ளே போயின. அமெரிக்காவுக்கு அது 1950க்குப் பிறகு முதல் உலகக் கோப்பை. அமெரிக்க ஃபுட்பாலின் இன்றைய கதை நாலு பொய்த் தேதியில் கொஞ்சம் தொடங்குதுன்னு சொன்னா அது ரொம்ப மிகையில்லை. மெக்சிகோவில் இந்த விவகாரத்துக்கு 'காச்சிரூலெஸ்' என்று பெயர். தகுதியில்லாமல் டீமுக்குள்ள நுழைக்கப்பட்ட ஆள் என்கிற அர்த்தத்தில் வரும் சொல்.

அதே காலத்தில் நைஜீரியாவும் மாட்டியது. 1988 ஒலிம்பிக்கில் ஆடிய மூணு பேரோட பிறந்த தேதியும், அவங்களே முன்னாடி வேற போட்டிகளில் கொடுத்த தேதியும் ஒத்துப்போகல. இளையோர் போட்டிகளில் ரெண்டு வருஷத் தடை. 1991 அண்டர்-20 போட்டியை நடத்துகிற வாய்ப்பும் கைவிட்டுப் போய் போர்ச்சுகலுக்குக் கிடைத்தது. போர்ச்சுகல் என்ன பண்ணுச்சு? லிஸ்பனில் 1,27,000 பேர் முன்னால் பிரேசிலைப் பெனால்டியில் ஜெயிச்சுக் கோப்பையைத் தூக்குச்சு. ஃபீகோ, ரூயி கோஸ்டா எல்லாம் அந்த டீம்தான்.

சந்தேகம் மட்டும் நிக்கிற கதையும் உண்டு. 1989, ஸ்காட்லாந்து. சொந்த ஊரில் அண்டர்-16 ஃபைனல், ஹேம்ப்டன் பார்க்கில் 50,000க்கு மேல் கூட்டம். சவூதி அரேபியாவுக்கு எதிராக ஸ்காட்லாந்து 2-0 என்று முன்னாடி போச்சு. பிறகு 2-2. பெனால்டியில் 5-4 என்று சவூதி ஜெயிச்சது. எதிர் டீம் பசங்க நிஜமாவே பசங்கதானா என்று ஸ்காட்லாந்தில் அப்போதிலிருந்தே பேச்சு. எதுவும் நிரூபிக்கப்படல. அதனால் கோப்பை சவூதியுடையது, நாமளும் அதை அப்படியே ஏத்துக்கணும். ஆனா பாருங்க, நேர்மையா ஜெயிச்சிருந்தாலும் அந்தப் பசங்களோட பேரைச் சொன்னாலே இந்தப் பேச்சும் கூடவே வருது. மத்தவங்க பண்ணின மோசடி நேர்மையானவனோட மெடலையும் அழுக்காக்கும். ஒரு துணுக்கு: அந்தப் போட்டியில் சிறந்த வீரர் விருது வாங்கியவர் ஸ்காட்லாந்து கோல்கீப்பர் ஜேம்ஸ் வில். அவர் பின்னாடி போலீஸ் வேலைக்குப் போனார்.

ஏன் பண்றாங்க? 'ஜெயிக்க'ன்னு சொல்லலாம். ஆனா யார் ஜெயிக்க? பையனை மட்டும் பார்த்தா பாதிதான் புரியும். ஒரு சம்மேளன அதிகாரிக்கு நாலு வருஷப் பதவி. 15 வயசுப் பையனை வளர்த்து சீனியர் டீமுக்கு அனுப்ப எட்டு வருஷம் ஆகும், அதுக்குள்ள இவர் ஆபீஸ்ல இருக்க மாட்டார். அண்டர்-17 கோப்பை இந்த வருஷமே கிடைக்கும், விமான நிலையத்தில் மாலை கிடைக்கும். கோச்சுக்கும் அதே கணக்கு. ஏஜென்ட்டுக்கு வேற கணக்கு: ஐரோப்பிய கிளப்புக்கு 17 வயசுப் பையனை விக்கிற விலையும் 21 வயசுக்காரனை விக்கிற விலையும் ஒண்ணு இல்லை. நைஜீரியாவில் 'ஃபுட்பால் ஏஜ்' என்று சாதாரணமாகவே சொல்வாங்க. நிஜ வயசு ஒண்ணு, ஆட்ட வயசு ஒண்ணு. இத்தனை பெரியவங்க கணக்குக்கு நடுவில, வீட்டுக் கஷ்டத்தோட வர்ற 19 வயசுப் பையன்கிட்ட 'தம்பி, ரெண்டு வருஷம் குறைச்சுக்கோ, இல்லேன்னா உன்னை யாரும் பார்க்க மாட்டாங்க'ன்னு சொன்னா, அவன் என்ன பண்ணுவான்?

அந்தப் பொய் ஒரு போட்டியோடு முடியாது. பாஸ்போர்ட், விசா, கான்ட்ராக்ட், பேங்க் எல்லாத்திலேயும் அதே தேதிதான் ஓடும். முப்பது வயசுல முழங்கால் தேஞ்சு போனதும் கிளப் டாக்டர் ஆச்சரியப்படுவார், ஏன்னா பேப்பரில் அவனுக்கு 26. அவன் வாயைத் திறக்க முடியாது. அப்புறம், அவனுக்கு இடம் விட்டுட்டு வீட்டுக்குப் போன நிஜமான 16 வயசுப் பையன் ஒருத்தன் இருக்கான். அவனைப் பத்தி யாரும் செய்தி எழுதறதே இல்லை. எனக்கு இதில் பெரிய கோபமே அவனுக்காகத்தான்.

இப்போ மணிக்கட்டுக்கு வருவோம். முன்கையில் ரெண்டு எலும்பு இருக்கு. கட்டைவிரல் பக்கம் இருக்கிறது ஆரை எலும்பு, டாக்டர்கள் ரேடியஸ்னு சொல்வாங்க. வளர்கிற வயசில் அந்த எலும்போட நுனிக்கும் தண்டுக்கும் நடுவில் மெல்லிய குருத்தெலும்புத் தட்டு ஒண்ணு இருக்கும். கை நீளமாகிறது அங்கேயிருந்துதான். வயசு ஏற ஏற அந்தத் தட்டு எலும்பாகி, ரெண்டு பக்கமும் ஒட்டி, கோடே இல்லாமல் மறைஞ்சிடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இதைப் பார்த்து ஆறு நிலைகளாகப் பிரிக்கலாம். ஒட்டவே ஆரம்பிக்காதது முதல் நிலை, முழுசா ஒட்டினது ஆறாம் நிலை. எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியும். ஆனால் நோய் எதுவும் இல்லாத பசங்களைப் போட்டிக்காகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது சரியில்லை என்பதால்தான் எம்.ஆர்.ஐ.

இதுக்கு ஃபிஃபாவின் மருத்துவக் குழு ஒரு ஆய்வு பண்ணினாங்க. சுவிட்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, அர்ஜென்டினா என்று நாலு நாடுகளில், 14 முதல் 19 வயசு வரை, பிறந்த தேதி உறுதியாகத் தெரிந்த 496 பையன்கள். வேற வேற இனம், வேற வேற சாப்பாடு. 16 வயசில் அந்தத் தட்டு முழுசா ஒட்டியிருக்கிறது நூத்துல ஒருத்தருக்குக்கூட இல்லை. முடிவு 2007இல் வெளியானது. 2009 அண்டர்-17 உலகக் கோப்பையில் ஸ்கேன் நடைமுறைக்கு வந்தது. அந்தப் போட்டி நடந்த இடம் நைஜீரியா!

போட்டிக்கு முன்னாடியே நைஜீரியா தன் பசங்களை ஸ்கேன் பண்ணிப் பல பேரைக் கழிச்சுட்டு வேற டீமை இறக்க வேண்டியதாச்சு. ஆனாலும் அந்த டீம் ஃபைனல் வரைக்கும் போச்சு. எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் இது. திறமைக்கு அந்த நாட்டில் பஞ்சமே இல்லை, பொய்யே தேவைப்பட்டிருக்காது. ஃபைனலில் சுவிட்சர்லாந்து 1-0 என்று ஜெயிச்சது. கோல் போட்டது செஃபெரோவிச். டீமில் கிரானிட் ஷாக்கா, ரிக்கார்டோ ரோட்ரிகஸ். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷம் சுவிஸ் சீனியர் டீமோட முதுகெலும்பே இந்தப் பசங்கதான்.

ஸ்கேன் வந்ததால மோசடி ஒழிஞ்சுதா? இல்லை. 2023 ஜனவரியில் கேமரூன் அண்டர்-17 டீமில் 30 பேரை ஸ்கேன் பண்ணினாங்க, 21 பேர் அவுட். அந்த நாட்டுச் சம்மேளனத் தலைவர் சாமுவேல் எட்டோ. சோதனை செய்ததும், முடிவை வெளியே சொன்னதும் அவர் சம்மேளனமேதான். அந்தத் துணிச்சலைப் பாராட்டலாம். ஆனா அந்த 21 பையன்களும் தனியாக முளைச்சு வந்தாங்களா? ஒவ்வொருத்தன் பின்னாடியும் அகாடமி ஒண்ணு, கோச் ஒருத்தர், ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்ட ஒரு பெரியவர் இருப்பாங்களே. ஸ்கேன் மெஷினுக்குள்ள படுத்தது பையன். அவுட் ஆனதும் பையன். அந்தப் பெரியவங்க அடுத்த வருஷம் வேற பசங்களைக் கூட்டிட்டு வருவாங்க.

ஸ்கேனுக்கே சில குறைகளும் இருக்கு. அது வயசைச் சொல்லாது. எலும்பு மூடியிருக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும். 19 வயசிலும் சில பேருக்கு மூடியிருக்காது, அவங்க தாராளமா பாஸ் ஆகிடுவாங்க. இன்னொரு பக்கம், நிஜமாவே 16 வயசுல, வேகமா வளர்ந்துட்ட அந்த நூத்துல ஒருத்தன். அவன் கையில் ஒரிஜினல் பிறப்புச் சான்றிதழ் இருக்கும், அம்மா சத்தியம் பண்ணுவாங்க, ஆனாலும் வெளியேதான். பெண்களுக்கு இந்தத் தட்டு இன்னும் சீக்கிரமே மூடிடும், அதனால் பெண்கள் அண்டர்-17 போட்டியில் இந்தச் சோதனை உதவாது. நம்ம ஊர் கிரிக்கெட்டில் பி.சி.சி.ஐ. சின்னப் பசங்களுக்கு டி.டபிள்யூ.3 என்று ஒரு மணிக்கட்டு எக்ஸ்ரே முறை வச்சிருக்காங்க. அதிலும் இதே மாதிரி சண்டைகள் வரும். இவ்வளவு குறை இருந்தும் நான் ஸ்கேன் பக்கம்தான் நிக்கிறேன். பாஸ்போர்ட்டை மட்டும் நம்பின காலத்துல நூத்துல ஒருத்தன் இல்லை, அதைவிட ரொம்பப் பேர் நேர்மையா இருந்ததாலேயே இடத்தை இழந்தாங்க. ஆனா சோதனையை முன்கூட்டியே, சத்தமில்லாம, பேர் வெளியே வராம பண்ணணும். 17 வயசுப் பையனோட பேர் 'மோசடி வீரர்'னு செய்தியில் வர்றது எந்த விதத்திலும் நியாயமில்லை.

இன்னொரு பக்கமும் பார்க்கணும். வயசு சரியா இருந்து, திறமையும் இருந்து, கோப்பையும் ஜெயிச்ச பசங்களுக்கு என்ன ஆச்சு? கானாவின் நீ லாம்ப்டே. 'நீ'ங்கிறது அவர் பேருதான், குழப்பிக்காதீங்க. 1991 இத்தாலியில் அண்டர்-17 கோப்பையை கானா ஜெயிச்சது, சிறந்த வீரர் இவர். பெலேவே இவரைத் தன் வாரிசுன்னு சொன்னதாப் பத்திரிகைகள் எழுதின. அதுக்கு முன்னாடியே 16 வயசுல பெல்ஜியத்தில் ஆண்டர்லெக்ட் கிளப்புக்கு ஆட ஆரம்பிச்சுட்டார். பிறகு நெதர்லாந்து, இங்கிலாந்து, இத்தாலி, அர்ஜென்டினா, துருக்கி, சீனா என்று ஊர் ஊராப் போனார். எங்கேயும் நிலைக்கல. வீட்டில் அடி உதையோட வளர்ந்தவர், சரியா ஸ்கூலுக்குப் போனதில்லை. கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்ட்டில் என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாத நிலையில் இருந்ததை அவரே பின்னாடி பேட்டிகளில் சொல்லியிருக்கார். ஆட்டம் முடிஞ்சதும் கானாவுக்குத் திரும்பிப் போய் அவர் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார்.

இதே விருதை 2003இல் வாங்கினவர் ஃபாப்ரேகஸ், 2007இல் டோனி க்ரூஸ், 2017இல் ஃபில் ஃபோடன். லாம்ப்டேக்கு இவங்களைவிடத் திறமை குறைவுன்னு நான் நினைக்கல. 16 வயசுப் பையனைச் சுத்தி யார் நிக்கிறாங்கங்கிறதுதான் வித்தியாசம். ஒரு உதாரணம் சொல்றேன். 2017 போட்டியில் இங்கிலாந்துக்கு ஆடிட்டு இருந்த ஜேடன் சாஞ்சோவை, குரூப் சுற்று முடிஞ்சதும் அவர் கிளப் டார்ட்மண்ட் திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு. அவர் இல்லாமலே இங்கிலாந்து கோப்பை வாங்கினது வேற விஷயம். நாட்டோட கோப்பையைவிடப் பையனோட அடுத்த பத்து வருஷம் முக்கியம்னு ஒரு கிளப் நினைக்குது. தன் லாபத்துக்காகத்தான் நினைக்குது, ஒத்துக்கிறேன். ஆனா லாம்ப்டேக்கு அந்த அளவுக்குக்கூட ஆள் இல்லை.

அந்தக் கோப்பைகளுக்குத்தான் எவ்வளவு மதிப்புன்னு பார்த்துடுவோம். அண்டர்-17 கோப்பையை அதிக தடவை ஜெயிச்ச நாடு நைஜீரியா, 5 தடவை. சீனியர் உலகக் கோப்பையில் நைஜீரியா கடைசி 16ஐத் தாண்டினதே இல்லை. நாலு உலகக் கோப்பை வச்சிருக்கிற ஜெர்மனி அண்டர்-17 கோப்பையை முதல் தடவை ஜெயிச்சதே 2023இல், இந்தோனேசியாவில். மாரடோனா, மெஸ்ஸி ஊரான அர்ஜென்டினா இன்னும் ஜெயிக்கவே இல்லை. ஆனா அண்டர்-20இல் அவங்களுக்கு 6 கோப்பை. அதாவது அவங்க பசங்களை 16 வயசுல அவசரப்படுத்தல, கொஞ்சம் பொறுத்து எடுக்கிறாங்கன்னு நான் புரிஞ்சுக்கிறேன். இதை வச்சு நைஜீரியா ஜெயிச்ச அஞ்சும் பொய்னு யாரும் சொல்ல வேண்டாம். 2015 டீமில் 10 கோல் போட்ட விக்டர் ஓசிமென் இன்னைக்கு எந்த உயரத்தில் இருக்கார்னு உங்களுக்கே தெரியும்.

இந்தியா? 2017 அக்டோபர். டெல்லி, கொல்கத்தா, நவி மும்பை, கோவா, குவாஹாட்டி, கொச்சி. சென்னை லிஸ்ட்ல இல்லை, நமக்குப் பக்கம் கொச்சிதான். மொத்தம் 13,47,133 பேர் ஸ்டேடியத்துக்கு வந்து பார்த்தாங்க, அண்டர்-17 போட்டிக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. நடத்துற நாடு என்பதால் இந்தியாவுக்கு இடம். அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. பேப்பரில் பார்த்தா பூஜ்ஜியம் பாயின்ட். ஆனா கொலம்பியா மேட்ச் ஞாபகம் இருக்கா? 82ஆவது நிமிஷம், சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்கிறார், மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் எம்பித் தலையால முட்டுறார். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியாவின் முதல் கோல் அது. டெல்லி ஸ்டேடியம் அதிர்ந்தது. அந்தச் சத்தம் அடங்குறதுக்குள்ள கொலம்பியா ரெண்டாவது கோல் போட்டுடுச்சு. நாங்க நாலு பேர் டிவி முன்னாடி எழுந்து நின்னுட்டு இருந்தோம், கொண்டாடுறதா உக்கார்றதான்னு தெரியாம.

அந்த 21 பேரில் 8 பேர் மணிப்பூர். ஜீக்சன், சுரேஷ் சிங் வாங்ஜம், ரஹீம் அலி எல்லாம் சீனியர் இந்தியா வரை போனாங்க. அன்வர் அலின்னு ஒரு டிஃபெண்டர், 2019இல் இதயத்தில் கோளாறு இருக்குன்னு கண்டுபிடிச்சு 'இனி ஆடவே கூடாது'ங்கிற நிலை வந்தது. அவர் போராடித் திரும்பி வந்து 2022இல் சீனியர் டீமுக்கு ஆடினார். மூணு மேட்சும் தோத்த ஒரு டீம் இத்தனை பேரை மேலே அனுப்பியிருக்குன்னா, எனக்கு அது நல்ல கணக்கு.

அடுத்த வருஷம், 2018இல், மலேசியாவில் ஆசிய அண்டர்-16 போட்டி. அங்கே நம்ம பசங்க வியட்நாமை ஜெயிச்சாங்க, ஈரானோடும் இந்தோனேசியாவோடும் டிரா, காலிறுதிக்குப் போனாங்க. எதிரில் தென்கொரியா. அந்த மேட்சை ஜெயிச்சா 2019 உலகக் கோப்பைக்கு நடத்துற நாடுங்கிற சலுகை இல்லாமல், சொந்தக் காலில் போயிருக்கலாம். ரெண்டாம் பாதியில் ஒரே கோல். 0-1. கோல்கீப்பர் நீரஜ் குமார் அன்னைக்குத் தடுத்த பந்துகளைப் பார்க்காதவங்க இணையத்தில் தேடிப் பாருங்க. கூட்டம் இல்லாத ஸ்டேடியம், வெறும் பசங்க, விளம்பரப் பலகைகூட சரியா இல்லை. ஆனா 2017ஐ விட எனக்கு அந்த மேட்ச்தான் பிடிக்கும்.

2025இலிருந்து அண்டர்-17 உலகக் கோப்பை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு வருஷமும். 24 டீம் இல்லை, 48. 2029 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு வருஷம் கத்தாரில். ஆசியாவுக்கு இடங்கள் கூடியிருக்கு, இந்தியாவுக்கு இதுவரை இல்லாத நல்ல வாய்ப்பு. கூடவே, ஒவ்வொரு வருஷமும் செலக்‌ஷன் டிரையல், ஒவ்வொரு வருஷமும் தேதி கேட்டு நிக்கிற வரிசை. உங்க தெருவில், உங்க அகாடமியில் 'ரெண்டு வருஷம் குறைச்சுப் போட்டுக்கலாம்'னு யாராவது ஒரு பையன்கிட்ட சொல்றதை நீங்க கேட்டிருந்தீங்கன்னா எனக்கு எழுதுங்க. பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் அதை எடுத்துப் பேசுவோம். பை.